காத்துல வர்றதுக்கு எதுக்குங்க காசு?

வைஃபை பாஸ்வேர்டா கேட்டீங்க? நல்ல ஆளாப் பாத்துத்தான் கேட்டீங்க போங்க. இந்த மண்டபத்துல இருக்கற எழுநூறு பேர்ல அதைச் சொல்றதுக்கு என்னை விட்டா ஆளே கிடையாதுங்க. மேனேஜர் ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிருக்கறானுங்க. காலைல வந்ததும் மொத சோலியா அதைத்தான் பாத்தேன். இந்தாங்க, இந்தச் சீட்டுல எழுதியிருக்குது, போட்டுக்குங்க. இந்தக் கடைசி வரிசையைத் தாண்டி முன்னால போனா இழுக்காது, அதனால இங்கயே உக்காந்துக்குங்க.

மாப்பிள்ளை ஊட்டுப் பக்கமுங்களா? அதான பாத்தேன், எங்க ஒறம்பரையில இந்த மொகத்தைப் பாத்த ஞாபகம் இல்லையேன்னு. ஓ, மாப்பிள்ளையோட ஆபீஸா? சென்னையில இருந்தே வந்தீங்களா? சந்தோசமுங்க. டிபன் ஆச்சுங்களா? நானுங்களா? நான் பொண்ணுக்குத் தாய்மாமனுங்க. பொண்ணோட அம்மாவுக்குக் கூடப் பொறந்த அண்ணன். சென்னியப்பன்னு பேரு. வாசல் பேனர்ல கீழ மூணாவதாச் சின்ன எழுத்துல போட்டிருக்குது பாருங்க, அது நாந்தான்.

அப்படிப் பாக்காதீங்க சார். தாய்மாமன் மேடையில நிக்காம கடைசி வரிசையில ஃபேனுக்கடியில உக்காந்துட்டு என்ன பண்றான்னுதான நெனைக்கறீங்க? காலைல இருந்து எல்லாரும் அப்படித்தான் பாத்துட்டுப் போறாங்க. சொல்றேன் கேளுங்க. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருக்குது. நீங்க மூணாம் மனுசன், கேட்டுப்போட்டு நீங்களே ஞாயம் சொல்லுங்க.

நான் கரண்ட் ஆபீஸ்ல முப்பத்திநாலு வருசம் இருந்தவனுங்க. கடைசிப் பன்னெண்டு வருசம் திருட்டுக் கரண்ட் புடிக்கற ஸ்குவாடு. எங்க ஜீப்பு சத்தம் கேட்டாப் போதும், அந்தியூர்ப் பக்கம் தோட்டங்காட்டுல கம்பியில போட்ட கொக்கியெல்லாம் தானாக் கழண்டு விழுகும். என்ற மாமனார் தோட்டத்து மோட்டாரையே புடிச்சுக் கேஸ் எழுதியிருக்கறேன். அன்னியில இருந்து சாகற வரைக்கும் அந்த மனுசன் எங்கூடப் பேசலீங்க. எதுக்குச் சொல்றேன்னா, அடுத்தவன் சாமானுக்கு ஆசைப்படற ஆளு நானில்லை. அதை மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க.

ரிட்டையர் ஆன மறு வருசம் என்ற பையன் ஐரோப்பா டூர் புக் பண்ணிக் குடுத்தான். ஏழு நாடு, பன்னெண்டு நாள். கோயமுத்தூர்ல இருந்து முப்பத்தாறு பேர் போனமுங்க. சமையக்காரங்க கூடவே வந்தாங்க, பாரீஸ் பட்டணத்துல ரசஞ்சோறு சாப்பிட்டோம். அதுக்கெல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாது. டூர் மேனேஜர் ஒரு அம்மா, ஜாஸ்மின்னு பேரு. மொத நாள் ஏர்போர்ட்ல எறங்கினதும் அந்தம்மா எல்லாரையும் நிக்க வெச்சுச் சொன்னாங்க. "இந்தக் கடையில ஒரு சிம் வாங்கிக்குங்க. ஏழு நாட்டுக்கும் வேலை செய்யும், ஊருக்கு எத்தனை நேரம் வேணும்னாலும் பேசலாம்." உடனே பாருங்க, எங்க ரெண்டு பேரைத் தவுத்து முப்பத்திநாலு பேரும் ரேசன் கடை மாதிரி வரிசையில நின்னுட்டாங்க.

நான் நிக்கலை. "ஏனுங்க மேடம், காத்துல வர்றதுக்கு எதுக்குங்க காசு?"ன்னு கேட்டேன். தண்ணிப் பந்தல்ல போயி யாராச்சும் காசு குடுப்பாங்களா சார்? அந்த ஊர்ல எங்க பாத்தாலும் ஃப்ரீ வைஃபைன்னு போர்டு போட்டு வெச்சிருக்கறான். தேடத் தெரியாதவன்தான் சிம்மு வாங்கோணும். என்ற ஊட்டுக்காரி வசந்தாமணியும் வரிசையில நிக்கப் போனா. கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்.

அந்தப் பன்னெண்டு நாள்ல நான் கத்துக்கிட்டதை ஒரு புஸ்தகமாவே போடலாமுங்க. ஏர்போர்ட் வைஃபை இருக்குதே, அதை நம்பவே கூடாது. நம்பரைப் போடு, ஓடிபி அனுப்பறேன்னுவான். நம்ம நம்பருக்கு அங்க ஓடிபி எப்படி வரும்? ஈமெயில் கேக்கறவன் நல்லவன். எதையாவது அடிச்சு விட்டா உள்ள உட்ருவான். மியூசியத்துல டிக்கெட் எடுக்கற எடத்துலயே கெடைக்கும், உள்ளயே போக வேண்டியதில்லை. பெரிய ஓட்டல்னா நேரா உள்ள போயி, லிஃப்டுக்காகக் காத்துட்டு இருக்கறவனாட்டம் சோபாவுல உக்காந்துக்கோணும். நடுவுல ரெண்டு தடவை வாட்சைப் பாத்துக்கோணும். ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான். காப்பிக் கடையில பில்லுலயே பாஸ்வேர்டை அடிச்சுக் குடுக்கறான். குடிச்சவங்க அதை டேபிள்லயே போட்டுட்டுப் போயிருவாங்க. நாம பாட்டுக்கு அந்தப் பக்கம் நடந்து போறாப்புல போயி அதை எடுத்துக்க வேண்டியதுதான். கீழ போட்ட காயிதத்தை எடுக்கறதுல என்ன தப்புங்க? ஒரு வகையில பாத்தா அந்த ஊரைச் சுத்தம் பண்ணிக் குடுத்திருக்கறேன்.

பஸ்ல எல்லாரும் என்னை 'வைஃபை அண்ணா'ன்னுதான் கூப்புடுவாங்க. எறங்கற எடத்துலயெல்லாம், "அண்ணா, இங்க எங்கீங்க இழுக்குது?"ன்னு கேட்டுட்டுச் சிரிப்பாங்க. அத்தனை மரியாதை. அவங்ககிட்டத்தான் சிம்மு இருக்குதே, அப்பறம் எதுக்குக் கேக்கறாங்கன்னு வசந்தா கேட்டா. அவளுக்கு இதெல்லாம் புரியாதுங்க.

ஈஃபிள் டவருங்களா? பாத்தேனுங்க. அதுக்கடியில ஒரு பெஞ்சு இருக்குது, அங்க நல்லா இழுக்கும். வசந்தாதான் சும்மா இராம, "ஏனுங், தலையை நிமித்தி ஒருக்கா மேல பாருங்க"ன்னு தொணதொணத்துட்டே இருந்தா. போட்டோவுல பாத்துக்கலாம்னேன். அன்னிக்கு அவ ஒரு பேச்சுப் பேசினா சார். "ஊரெல்லாம் கொக்கி போட்டவனைப் புடிச்சீங்க. இப்ப நீங்க பண்றதுக்கு என்ன பேருங்க?" கேட்டீங்களா? கரண்ட் வேற, வைஃபை வேற. கரண்டுக்கு மீட்டர் ஓடும். இதுக்கு மீட்டர் எங்க ஓடுது? படிச்சவளா இருந்தாச் சொல்லிப் புரிய வெக்கலாம். என்ன, எம்.ஏ. வரைக்கும் படிச்சவதான், ஆனா அது தமிழ்ல.

சரி, கதைக்கு வர்றேன். அஞ்சாம் நாளு ஒரு ஓட்டல் சோபாவுல உக்காந்து நெட்டை ஆன் பண்றேன், என்ற தங்கச்சி ஈஸ்வரிகிட்ட இருந்து ஒன்பது மிஸ்டுகால். கூப்பிட்டா அழுகையும் சிரிப்புமாப் பேசறா. அவ பொண்ணு சுபிக்ஷாவுக்கு எடம் கூடி வந்திருச்சாம். மாப்பிள்ளைக்கு லீவு கொஞ்சம்தான், ஆடி வேற பொறக்கப் போகுது, அதனால வர்ற வியாழக்கெழமையே உப்புச் சக்கரை வாங்கிடோணும்னு பெரியவங்க நாள் குறிச்சுப்போட்டாங்களாம்.

உங்களுக்குத் தெரியாதில்லீங்க, எங்க பக்கம் நிச்சயத்துக்கு அதான் பேரு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஒரு தட்டத்துல உப்பும் சக்கரையும் வெச்சுக் குடுப்பாங்க. பொண்ணு ஊட்டுல அதைக் கைநீட்டி வாங்கிட்டா முடிஞ்சுது, அப்பறம் பேச்சு மாறக்கூடாது. பொண்ணுக்கு அப்பன் இருந்தா அப்பன் வாங்குவான். எங்க சுபிக்ஷா அம்மணிக்கு அப்பன் இல்லைங்க. அது நாலாங்கிளாஸ் படிக்கறப்ப போய்ச் சேந்துட்டாரு. அன்னியில இருந்து எல்லாம் நாந்தான். கைக்கொழந்தையிலயே எம்மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தினோம். பள்ளிக்கூடத்துக்கு என்ற ஸ்கூட்டர்ல முன்னால நின்னுட்டுத்தான் போகும். ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட்டது நானு. காலேஜுல சேத்தப்ப அப்பா பேருக்கு நேரா என்ற பேரை எழுதிப்போட்டு, அடிச்சு மறுக்கா எழுதுச்சு. அதனால தட்டம் வாங்கற கை என்ற கைதான். அதுலயும் எங்க கூட்டத்துல ஒரு வழக்கமுங்க. உப்புச் சக்கரை வாங்கின கைதான் கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டோணும். தாய்மாமனுக்கு அதுக்கு மேல ஒரு மரியாதை கெடையாது.

ஈஸ்வரி, "அண்ணா, நீங்க டூரை உட்டுப்போட்டு வந்துருங்க"ன்னா. அதெப்படி வர்றது? டிக்கெட்டெல்லாம் மொத்தமாப் போட்டிருக்குது. நானே ஒரு ரோசனை சொன்னேன். "நான் வீடியோவுல வர்றேன் கண்ணு. தட்டத்துக்குப் பக்கத்துல போனை நிக்க வெய்யி. நான் சம்மதம்னு சொல்றேன், நீ என்ற பேரைச் சொல்லி வாங்கிக்க." மாப்பிள்ளையோட தாத்தா ஒத்துக்கிட்டாருங்க. ஒரே ஒரு கண்டிசன். மொகம் தெரியோணும், கொரலு கேக்கோணும். ரெண்டும் இருந்தாப் போதும்னுட்டாரு, பெரிய மனுசன்.

அம்மணியும் பேசுச்சு. "மாமா, நெட்டு ஒழுங்கா வருமுங்களா? ராக்கியண்ணன் மாமா இப்பவே வேட்டியைத் தேச்சு வெச்சுட்டாரு"ன்னு சிரிச்சுது. ராக்கியண்ணன் ஆருன்னா, என்ற சித்தப்பன் பையன். பங்காளி. எனக்கு ரெண்டு வயசு எளையவன். எங்க போனாலும் முன்வரிசையில உக்காந்துக்குவான். நான் ஐரோப்பா கெளம்பறேன்னு தெரிஞ்சதும், "நெம்பக் குளிருமுங்களே அண்ணா, உங்க ஒடம்பு தாங்குமா?"ன்னு கேட்டவன். நான் அம்மணிகிட்டச் சொன்னேன், "நீ வெசனப்படாத கண்ணு. உலகத்துல எந்த மூலையில இருந்தாலும் நெட்டைக் கண்டுபுடிக்கறவன் உன்ற மாமன்"னு.

வியாழக்கெழமை நாங்க இருந்தது சுவிஸ்ல ஒரு ஏரிக்கரை ஊரு. பேரு வாயில நுழையாது. நம்ம ஊர்ல பதினொண்ணே முக்கால் வரைக்கும் நல்ல நேரம், அங்க கணக்குக்கு எட்டேகால். எட்டரைக்குத்தான் பஸ்ஸு. எல்லாம் தோதாத்தான் அமைஞ்சுது. எங்க ஓட்டல்ல வைஃபைக்குக் காசு கேட்டான். நான் மொத நாளே ஊரைச் சுத்திப் பாத்து ரெண்டு எடம் புடிச்சு வெச்சுட்டேன். ஒண்ணு ரயில்வே ஸ்டேஷன், ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஃப்ரீ. ரெண்டாவது அதுக்கெதுத்தாப்புல ஒரு ரொட்டிக்கடை. அங்க ரெண்டு வெள்ளைக்காரங்க காப்பி குடிச்சுட்டு உட்டுட்டுப் போன பில்லை மடிச்சுப் பையில வெச்சிருந்தேன்.

காலைல ஆறு மணிக்கே ஸ்டேஷனுக்குப் போயிட்டேனுங்க. ஸ்குவாடுலயும் அப்படித்தான், ரெய்டுக்கு முன்னால போயி எடத்தை ஒருக்காப் பாத்துட்டு வருவோம். கனெக்சன் போட்டேன், கண்ணாடியாட்டம் வருது. அத்தனை நல்லா வர்றப்ப சும்மா இருக்க முடியுதுங்களா? மொத நாளு பனிமலைக்குப் போயிருந்தோம். அந்தப் போட்டோவைக் கொஞ்சம் பங்காளிக குரூப்புல போட்டு உட்டேன். கொஞ்சம்னா ஒரு நூத்திப் பதினெட்டு. ராக்கியண்ணன் போன வருசம் கொடைக்கானல் போயிட்டு வந்து ஆறு மாசம் போட்டோ போட்டவனுங்க. அவன் பாக்கோணுமில்லீங்களா? ஒவ்வொண்ணா ஏறுச்சு. ரெண்டு நீலக் கோடு உழுகற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன். அவன் ஒரு வார்த்தை பதில் போடலை. பாத்துப்போட்டுக் கம்முனு இருக்கறான், வயித்தெரிச்சல்.

எட்டு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கறப்ப அதே எடத்துல நின்னு ஈஸ்வரியைக் கூப்புடறேன், போகலை. ஒரு மணி நேரம் முடிஞ்சுதுன்னு எழுதிக் காட்டறான். நாளைக்கு வா-ங்கறான். பதறலீங்க நானு. அதுக்குத்தான் ரெண்டாவது எடம் வெச்சிருக்கறமே. ரொட்டிக்கடைக்கு ஓடி, பில்லை எடுத்துப் பாத்து அடிச்சேன். தப்புங்கறான். மறுக்கா அடிச்சேன். தப்பு. கடைக்காரம்மாகிட்டக் கேட்டா, தெனம் காலைல பாஸ்வேர்டை மாத்திருவாங்களாம். ஒரு காப்பி வாங்குங்க, புதுசு பில்லுல வரும்னு சிரிச்ச மொகமாத்தான் சொன்னாங்க.

ஒரு காப்பி வாங்கியிருக்கலாமில்லன்னு கேக்கறீங்க. கேக்கலாமுங்க. வசந்தாவும் அதையேதான் கேட்டா. ஆனா நான் அஞ்சரை மணிக்கே நம்ம சமையக்காரர்கிட்ட ஒரு டம்ளர் காப்பி குடிச்சுட்டேனே! வேண்டாத சாமானை எதுக்கு சார் வாங்கறது? அது வரைக்கும் நெட்டுக்குன்னு ஒரு பைசா குடுக்காத மனுசன் நானு. கடைசியில ஒரு காப்பியில போயித் தோக்கறதா?

அடுத்தாப்புல ஒரு பெரிய ஓட்டல். அதுக்குப் பொறத்தாண்ட குப்பைத் தொட்டிக வெச்சிருக்கற ஒரு சந்து. அங்க போனதும் போன்ல பாஸ்வேர்டு இல்லாத ஒண்ணு தெரிஞ்சுது. ஒரே ஒரு கோடு. செவுத்தோரமா ஒரு பூந்தொட்டி இருந்துச்சு, இடுப்பு ஒசரம். அதுமேல ஏறி நின்னா ரெண்டு கோடு. ஏறிட்டேனுங்க. அறுபத்தோரு வயசு, சர்க்கரை வேற.

வீடியோ கால் கனெக்ட் ஆயிருச்சு சார்! ஈஸ்வரி மொகம் தெரிஞ்சுது. பின்னால பந்தல், சொந்தபந்தம், நடுவுல தட்டம், எல்லாந் தெரிஞ்சுது. அம்மணி மயில்கழுத்துக் கலர்ல பட்டுப்பொடவை கட்டி உக்காந்திருக்குது. "அண்ணா, தெரியறீங்க, பேசுங்க"ன்னா. "சம்மதமுங்க! மனப்பூர்வமாச் சம்மதமுங்க!"ன்னு கத்தினேன். அப்படியே நின்னுபோச்சு. நாம கத்தறது நமக்குத்தான் கேக்குது. எடது பக்கம் சாஞ்சா படம் வருது, கொரலு வரலை. வலது பக்கம் சாஞ்சா கொரலு வருது, படம் வரலை. மாப்பிள்ளையோட தாத்தா பேசறது மட்டும் கேக்குது. "மொகம் தெரியுது, வாயைத் தொறந்தபடியே நிக்கறாரு. ஒண்ணுஞ் சொல்ல மாட்டீங்கறாரே? அவருக்கு இஷ்டந்தானா?" நான் இங்க தொண்டை கிழியறாப்புல சம்மதம் சம்மதம்ங்கறேன்.

அந்த நேரம் பாத்து ஓட்டல் பின்கதவைத் தொறந்துட்டு ஒரு பொம்பள வெளிய வந்துச்சு. கையில ஈரத்துணி. அவங்க பூந்தொட்டி மேல ஒருத்தன் நின்னுட்டுச் செவுத்தைப் பாத்துக் கத்துனா யாருக்குத்தான் பயமா இருக்காது? அவங்க பாசையில என்னமோ சொல்லி எறங்கு எறங்குன்னாங்க. "மேரேஜ்! சிஸ்டர் டாட்டர்! ஒன் மினிட்!"னு கும்புட்டேன். எறங்கலை. எறங்கினா ரெண்டு கோடு போயிருமே. அந்தம்மா என்ற பேண்ட்டைப் புடிச்சு இழுத்தாங்க. தொட்டியில இருந்த செவப்புப் பூவெல்லாம் என்ற காலுக்கடியில நசுங்கிக் கெடக்குது.

அப்பத்தான் சந்து மொனையில, "இங்க நிக்கறாரு! ஜாஸ்மின், இங்க நிக்கறாரு!"ன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா வசந்தா. மூச்சு வாங்க ஓடி வர்றா. மூட்டுவலிக்காரிங்க, ஏர்போர்ட்ல வீல்சேர் கேட்டவ. கையில போனை முன்னால நீட்டிப் புடிச்சிருக்கறா. அந்தப் போன்ல பாருங்க, எங்க ஊர்ப் பந்தல் ஓடுது. நெட்டு!

மொத நாளே வாங்கிப்போட்டாளாம் சார், சிம்மு. நான் பாத்ரூம் போயிருந்த நேரத்துல, ஜாஸ்மின்கிட்டச் சொல்லி. அத்தனை நாளா எனக்குத் தெரியாம வெச்சிருந்திருக்கறா. என்ற கால் நின்னுபோனதும் ஈஸ்வரி இவளைக் கூப்புட்டிருக்கறா, "அண்ணி, அண்ணனைக் குடுங்க, நேரம் போகுது"ன்னு. இவ பஸ்ஸுல இருந்து எறங்கி ஓடியிருக்கறா. ஸ்டேஷன்ல தேடி, ரொட்டிக்கடையில தேடி, பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போயி. என்னைக் கூப்புட்டுக் கேக்கலாம்னா என்ற போனுக்குத்தான் லைன் இல்லையே. பந்தல்ல இருக்கறவங்க எல்லாம் அவகூடவே ஊரைச் சுத்தியிருக்கறாங்க. கடைசியில அத்தனை பேரும் என்னையப் பாத்தது எப்படிங்கறீங்க? முதுகுப் பக்கமா, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துல, பூந்தொட்டி மேல, ஒரு பொம்பள பேண்ட்டைப் புடிச்சு இழுக்கறாப்புல.

நான் எறங்கி வசந்தா கையில இருந்து போனைப் புடுங்கிப் பாக்கறேன். மணி எட்டு இருபது. நல்ல நேரம் முடிஞ்சு அஞ்சு நிமிசம். தட்டம் ராக்கியண்ணன் கையில இருக்குது. நெத்தியில சந்தனம். கடைசி நிமிசத்துல, "அண்ணன் தலையாட்டறது தெரிஞ்சுது, நான் வாங்கிக்கறேன்"னு சொல்லிக் கையை நீட்டிட்டானாம். தப்புச் சொல்ல முடியாதுங்க. அவன் வாங்காம இருந்திருந்தா எடமே கைநழுவிப் போயிருக்கும். எங்க அம்மணி அவன் கால்ல உழுந்து கும்புடறதை நான் பாத்தேன் சார். அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுது, மருதாணி கூடத் தெரிஞ்சுது.

நான் இன்னிக்கும் வசந்தாகிட்டச் சொல்றது இதைத்தானுங்க. சிம்மு வாங்கினதை எங்கிட்டச் சொல்லியிருந்தா இந்த வம்பே இல்லை. தப்பு யாரோடது? ஊட்டுக்காரனுக்குத் தெரியாம ஒரு காரியம் பண்ணலாமுங்களா? "சொன்னா உட்டிருப்பீங்களா, திருப்பிக் குடுத்துட்டு வாடின்னு இருப்பீங்க"ங்கறா. இருந்திருப்பேன்தான். அதுக்காக?

ஞாயம் சொல்லுங்கன்னு கேட்டேன், நீங்க போனைப் பாக்கறீங்க. சரி, மீதியையும் கேட்டுக்குங்க. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை.

அம்மணி அம்மாகிட்ட இருந்து போனை வாங்கிட்டுத் தனியா வந்துச்சு. பந்தலுக்கு வெளிய, வேப்பமரத்துக்கிட்ட. நான் திட்டும்னு நெனச்சேன். திட்டலீங்க. அழுகவும் இல்லை. சாதாரணமாத்தான் கேட்டுச்சு. "மாமா, எனக்காக ஒரு சிம்மு வாங்கக் கூடாதுங்களா?"

அவ்வளவுதான் கேட்டுச்சு. அப்ப நான் என்ன சொல்லியிருக்கோணும்? தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணுன்னு சொல்லியிருக்கலாம். ஒண்ணுஞ் சொல்லாம ஒரு மூச்சு அழுதிருக்கலாம், அழுகை வந்துச்சு, பொய் சொல்லலை. ஆனா வாயில என்ன வந்துச்சு தெரியுமுங்களா? அந்தப் படத்தையே பாத்துட்டு நின்னனுங்களா, "ஏ அம்மணி, இத்தனை தெளிவாத் தெரியறயே, இது என்ன பிளானு?"ன்னு கேட்டுப்போட்டேன்.

சிரிக்காதீங்க சார். அது போனை அவங்கம்மாகிட்டக் குடுத்துட்டுப் போயிருச்சு.

ஆறு மாசமாச்சுங்க. முந்தியெல்லாம் வாரத்துக்கு நாலு தடவை கூப்புடும். பருப்புல உப்புப் பத்தலைன்னாக் கூட மாமனுக்குத்தான் போனு. இப்ப இல்லை. பத்திரிக்கை வெக்க வந்துச்சு, கால்ல உழுந்துச்சு, "வந்துருங்க மாமா"ன்னுச்சு. பக்கத்து ஊட்டுலயும் அப்படித்தான் சொல்லியிருக்கும். நான் ஊருக்கு வந்த மறுநாளே பெரிய பிளானாப் போட்டு வெச்சிருக்கறேனுங்க, அளவே கெடையாது, ராப்பகலாப் பேசலாம். போன் அடிக்கோணுமில்ல?

நேத்து ராக்கியண்ணன் ஊட்டுக்கு வந்தான். "அண்ணா, எனக்கே சங்கடமா இருக்குது. நான் தாத்தாகிட்டப் பேசிக்கறேன். பட்டத்தை நீங்களே கட்டுங்க"ன்னான். ஒத்துக்க வேண்டியதுதானன்னு வசந்தா கண்ணைக் காட்டறா. சும்மா குடுக்கற மரியாதை எனக்கு எதுக்குடா, நீயே கட்டுன்னு சொல்லிட்டேன். அவன் போனதுக்கப்பறம் வசந்தா தலையில அடிச்சுக்கிட்டா. "எல்லாத்தையும் சும்மா வாங்கற மனுசன், இதை ஒண்ணையும் சும்மா வாங்கியிருக்கலாமே"ன்னா. மேடையில அந்தப் பச்சைப் பட்டு, ஆரத்தித் தட்டோட நிக்கறா பாருங்க, அவதான். எங்கூடப் பேச்சு வார்த்தை இல்லை இப்ப.

அதா, மேளம் மாறுது. பட்டம் கட்டறாங்க. நீங்க முன்னால போயிப் பாருங்க சார், பாக்க வேண்டிய சீரு. நானுங்களா? இங்கயே அந்தப் பெரிய ஸ்கிரீன்ல தெரியுதில்ல, அது போதும். வீடியோக்காரன் நல்லாத்தான் காட்டறான். பாத்தீங்களா ராக்கியண்ணனை, முடிச்சே போடத் தெரியலை. இறுக்கிக் கட்டுடா, நழுவுது. எடது பக்கம் கோணையா இருக்குது. அது ரெண்டு வயசுல இருந்தே நெத்தியில எது வெச்சாலும் தலையைச் சாச்சுக்கும், அதுக்குத் தகுந்தாப்புலதான் கட்டோணும். அவனுக்கு எங்க தெரியும் அது?

ஏனுங்க, அம்மணி என்னமோ இந்தப் பக்கமே பாக்குது. வரிசை வரிசையாப் பாக்குது. யாரையுங்க தேடுது? சார், சித்தெ எனக்கு முன்னால நவுந்து உக்காருங்க. என்னையப் பாத்துறப் போகுது. அட, எதுக்கு எந்திரிக்கறீங்க? கையை எதுக்குத் தூக்கறீங்க? உக்காருங்க சார், உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன், உக்காருங்க.

போச்சு. பாத்துருச்சுங்க. சிரிக்குதுங்களா, அழுகுதுங்களா? எனக்குக் கண்ணு மறைக்குது சார், நீங்க பாத்துச் சொல்லுங்க.